எலிக்கு அடுத்த ஆள்

நீங்கள் கதவைத் தட்டியபோது நான் ஐஸ் உடைத்துக்கொண்டிருந்தேன். திறக்கச் சுணங்கியதற்கு அதுதான் காரணம், வேறொன்றுமில்லை. காலையிலிருந்து எங்கள் ஒழுங்கை முழுக்கக் கரண்ட் இல்லை. பிரிஜ் வியர்க்கத் தொடங்கிவிட்டது. வெள்ளவத்தை மார்க்கெட்டுக்கு ஓடிப்போய் மீன்காரரிடம் கெஞ்சி ஒரு கட்டி ஐஸ் வாங்கினேன். லிஃப்ட்டும் இல்லாதபடியால் ஐந்தாம் மாடிவரை தோளில் சுமந்துவந்து, தேங்காய்க் கத்தியின் முதுகால் அடித்துக்கொண்டிருந்தேன். இரண்டு மருந்துக் குப்பிகளையும் பழைய ஐஸ்கிறீம் டப்பாவுக்குள் வைத்து, சுற்றிவர நிரப்பி, மூடியை அமத்திய பிறகுதான் கதவுக்கு வந்தேன். அதற்குள் உங்கள் பொலிஸ் சார்ஜன் மாத்தயா கதவுப் பிணைச்சலைக் கழற்றிவிட்டார். பரவாயில்லை, வாடகை வீடுதான்.

அந்த டப்பா இப்போது எங்கே இருக்கிறது மிஸ்? சாட்சிப் பொருள் என்று துண்டு ஒட்டி மேசைக்கு அடியில் வைத்திருந்தால், தயவுசெய்து ஒரு பிரிஜ்ஜுக்குள் வைக்கச் சொல்லுங்கள். சூடு பட்டால் பழுதாகிவிடும். இந்த ஸ்டேஷனில் குளிராக இருக்கிற ஒரே சாமான் சார்ஜன் கொடுத்த தேத்தண்ணிதான்.

அவருக்குச் சிங்களத்தில் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது சிறியது. அதில் நான் ஒரு கள்ளன் மாதிரித் தெரிகிறேன். நீங்கள் தமிழ்ப் பிள்ளை, என்னை அங்கிள் என்று கூப்பிடுகிறீர்கள், ஆகவே உங்களுக்கு ஒழுங்காகச் சொல்கிறேன்.

என் பெயர் இரத்தினசிங்கம். நுகேகொடையில் ஒரு தனியார் ஆராய்ச்சிக் கூடத்தில் கொள்வனவு அதிகாரி. விஞ்ஞானிகள் கேட்கிற மருந்துப் பொருட்களை வெளிநாட்டிலிருந்து எடுப்பிப்பதும், துறைமுகத்தில் விடுவிப்பதும், பிரிஜ்ஜில் அடுக்குவதும், மிஞ்சியதை எரிக்க அனுப்புவதும் என் வேலை. பிரிஜ் பூட்டின் திறப்பு என்னிடம்தான். என்னை நம்பித்தான் கொடுத்தார்கள்.

எங்களிடம் கலாநிதி மஸாஹிரா என்றொரு பெண் இருக்கிறார். கெட்டிக்காரி. எங்கள் உடம்பில் நிர்ப்பீடனக் கலங்கள் இருக்கின்றன அல்லவா, நோயை அடித்து விரட்டுகிறவை, அவற்றைத் திருத்தி எடுப்பதுதான் அவரின் ஆராய்ச்சி. விளங்கவில்லையா? எங்கள் மாடி வீட்டு செக்கியூரிட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். கள்ளனைப் பிடிக்கவேண்டிய ஆள். ஆனால் கள்ளன் சிகரெட் வாங்கிக்கொடுத்துச் சிநேகமாகிவிட்டால், அதே செக்கியூரிட்டி கள்ளனின் பையைத் தூக்கிக்கொண்டு லிஃப்ட்வரை வருவான். கான்சர் அப்படித்தான் செய்கிறது. மஸாஹிராவின் மருந்து, செக்கியூரிட்டியின் காதைத் திருகி, 'நீ யார், உன் வேலை என்ன' என்று ஞாபகப்படுத்துகிறது. அவ்வளவுதான்.

அந்த மருந்தைப் பற்றிய கட்டுரையை நான் வாசித்தேன். முழுக்க அல்ல, மேலே இருக்கிற சுருக்கத்தை. எலிகளில் கட்டி சுருங்கியது என்று தெளிவாக எழுதியிருந்தது. எலிகள் என்னவாயின என்று கீழே எங்கேயோ எழுதியிருந்ததாம். நான் கீழே போகவில்லை. வீடு வாங்குகிறவன் முகப்பைப் பார்ப்பான், கூரைப் பீலியைப் பார்ப்பதில்லை.

பிறகு அவர்கள் அந்த ஆராய்ச்சியை நிற்பாட்டினார்கள். மிஞ்சிய குப்பிகளை எரித்துவிடச் சொல்லி என்னிடம் தந்தார்கள். சாப்பாட்டையே வீணாக்காத மனிதன் நான். உயிர் காக்கிற மருந்தை எரிப்பேனா?

அதே நேரத்தில் எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்தக் கான்சர் வருத்தம் வந்திருந்தது.

யார் என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். இப்போதைக்கு நோயாளி என்று வைத்துக்கொள்வோம். அறுபதைத் தொடும் வயது, நடுத்தர உடம்பு, சீனி வருத்தமும் உண்டு. நோயாளியைக் காப்பாற்ற வேண்டும். நான் செய்தது எல்லாம் அந்த ஒரு காரணத்துக்காகத்தான். மருந்து கையில் இருந்தது. எவ்வளவு கொடுப்பது என்பதுதான் தெரியாது. எலிக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறது. மனிதன் எலி இல்லை, இல்லையா? ஆகவே யாராவது ஒருவருக்கு முதலில் கொடுத்துப் பார்ப்பதுதான் நியாயம். சமைக்கிறவள் உப்புப் பார்க்காமல் பரிமாறுவாளா?

இதில் எங்கள் ஆட்களின் பழக்கம் ஒன்று எனக்குப் பெரிய உதவியாக இருந்தது. உங்கள் வீட்டிலும் அப்படித்தான் இருக்கும். கான்சர் வந்தால் ஊருக்கெல்லாம் சொல்வோம், வந்த ஆளுக்கு மட்டும் சொல்ல மாட்டோம். என் அக்கா இரத்தினம்மாவுக்கு வந்தபோது நானே முன்னுக்கு நின்று மறைத்தேன். டொக்டரின் அறைக்குள் முதலில் நான் போவேன், கதைத்து முடித்த பிறகுதான் அக்கா. அசல் ரிப்போர்ட்டை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். காலி வீதியில் போட்டோக்கொப்பிக் கடை ஒன்றில் 'குடற்புண்' என்று புது ரிப்போர்ட் டைப் அடித்துக் கொடுத்தேன். அக்கா கடைசிவரை உறைப்பைத் தொடாமல் குடற்புண்ணைக் கட்டுப்படுத்திக்கொண்டிருந்தார். நிம்மதியான சாவு.

இப்படி ஒரு வீட்டில், ஊசியோடு வருகிறவனை யார் கேள்வி கேட்பார்கள்? வீட்டுக்காரருக்கு அது லண்டன் மருந்து. வெள்ளவத்தையில் லண்டனிலிருந்து வந்த பனடோல் குளிசைக்கே தனி மரியாதை. படுத்திருக்கிற வருத்தக்காரருக்கு அது சத்து ஊசி. இரண்டு பக்கமும் ஒருவருக்கொருவர் தெரியாமல் என்னைக் காப்பாற்றினார்கள். குப்பியில் 'ஆராய்ச்சிக்கு மட்டும், மனிதருக்கு அல்ல' என்று ஒட்டியிருந்ததை, ஜாம் போத்தலில் செய்வதுபோல, சுடுதண்ணீரில் ஊறவைத்து உரித்துவிட்டேன். ஒரு சதம் வாங்கவில்லை. அதை எழுதிக்கொள்ளுங்கள்.

முதல் ஆள் இராமர். கொச்சிக்கடையில் எங்கள் சாமான் வந்து இறங்குகிற கிடங்கில் மூட்டை தூக்கியவர். ஹட்டன் பக்கத் தோட்டத்து மனிதர், முகத்துவாரத்தில் குடியிருந்தார். நெஞ்சில் கட்டி. ஹொஸ்பிட்டலில் கையை விரித்துவிட்டார்கள். அவருடைய மனைவி பாக்கியலெட்சுமி கிடங்கு வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்க மருந்து எடுக்கிற ஆளுன்னு சொன்னாங்க. எதாச்சும் பண்ணுங்க. ஆனா அவருக்குத் தெரிய வேணாங்க. சளின்னு சொல்லித்தான் வச்சிருக்கோம். தெரிஞ்சா அன்னைக்கே உடைஞ்சு போயிருவாரு."

அவருக்குத் தெரியவராது, கவலைப்படாதீர்கள் என்றேன். இராமரை ஏன் தெரிந்தெடுத்தேன் என்று சார்ஜன் திருப்பித் திருப்பிக் கேட்டார். ஏழை என்பதாலா என்றார். அந்த மாதிரி எண்ணம் எனக்கு என்றுமே இல்லை. இராமரும் எங்கள் நோயாளியும் ஒரே உயரம், ஏறக்குறைய ஒரே உடம்பு. அதுதான் காரணம்.

அக்காவுக்கு இன்சுலின் குத்திப் பழகிய கை, ஊசி சுகமாக இறங்கியது. பின்னேரம் ஆக இராமருக்கு நடுக்கம் எடுத்தது. போர்வைக்கு மேல் போர்வை போட்டும் கட்டில் ஆடியது.

"சத்து ஊசின்னீங்க, ஒடம்பெல்லாம் கொதிக்குதுங்களே ஐயா."

"கொதித்தால்தான் வேலை செய்கிறது என்று அர்த்தம், இராமர்."

நான் பொய் சொல்லவில்லை. செக்கியூரிட்டி விழித்துவிட்டான். கொஞ்சம் அதிகமாக விழித்துவிட்டான். கள்ளனை மட்டும் அடித்திருந்தால் நல்லது. வீட்டுக்காரர், பிள்ளைகள், வாசல் கண்ணாடி என்று எல்லாவற்றையும் அடித்து நொறுக்கிவிட்டான். அடுத்த நாள் இராமர் போய்விட்டார். சளி முற்றிவிட்டது என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்கள்.

செத்த வீட்டுக்குப் போனேன். பாக்கியலெட்சுமி என் காலைத் தொட்டுக் கும்பிட்டார். கடைசி நேரத்தில் இவ்வளவு செய்தீர்களே என்றார். நான் அவரைத் தூக்கி நிறுத்தி, இராமரின் நிறை எத்தனை கிலோ இருக்கும் என்று மெல்லக் கேட்டேன். சவப்பெட்டிக்காகக் கேட்கிறேன் என்று நினைத்து, அழுகையை நிற்பாட்டி, கவனமாக யோசித்துச் சொன்னார். மிகவும் ஒத்துழைப்பான பெண். வீட்டுக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே கணக்குப் பார்த்து அளவைப் பாதியாகக் குறைத்தேன். ஆகவே இராமர் வீணாகச் சாகவில்லை என்று நான் சொல்வது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல.

இடையில் ஆறு வயதுப் பிள்ளை ஒன்றுக்காகவும் வந்து கேட்டார்கள். அந்தத் தாயிடம் முகத்துக்கு நேரே மறுத்துவிட்டேன். எனக்கும் மனச்சாட்சி என்று ஒன்று இருக்கிறது. அதோடு, பிள்ளையின் நிறை எங்களுக்கு உதவாது.

இரண்டாம் ஆள் கொட்டாஞ்சேனை நேசமலர் ரீச்சர். ஓய்வு பெற்றவர். எங்கள் நோயாளியைப் போலவே சீனி வருத்தம் இருந்தது. அது முக்கியம், சீனி உள்ள உடம்பில் மருந்து எப்படி நடக்கும் என்று பார்க்கவேண்டியிருந்தது. மகள் சுபாஷினி தாயிடம் கிட்னியில் கிருமி என்று சொல்லி வைத்திருந்தார். என்னை உள்ளே அழைத்துப்போய், சத்து ஊசி போடுகிற அங்கிள் என்று அறிமுகம் செய்துவிட்டு, தேத்தண்ணி ஊற்றக் குசினிக்குள் போனார்.

ரீச்சர் மகளின் காலடி ஓசை ஓயும்வரை காத்திருந்தார்.

"தம்பி, எனக்குக் கான்சர் எண்டு எனக்குத் தெரியும். நான் தெரிஞ்சுகொண்டது சுபாஷினிக்குத் தெரியாமப் பாத்துக்கொள்ளும். பிள்ளை தாங்கமாட்டாள்."

சரி ரீச்சர் என்றேன்.

"உம்முடைய பையுக்குள்ள இருக்கிறது சத்து ஊசி இல்லை. இது பிள்ளையளுக்குப் படிப்பிச்ச கண். இதைப் போட்டு ஆரும் தப்பினவையோ?"

"எலிகளில் நல்ல பலன், ரீச்சர்."

ரீச்சர் சிரித்தார். பல்செட் கழற்றியிருந்ததால் சிரிப்பு வாய்க்குள்ளேயே நின்றது.

"அப்ப எலிக்கு அடுத்த ஆள் நான்."

உண்மையில் அவர் அடுத்த ஆள் அல்ல, அதற்கும் அடுத்த ஆள். நான் திருத்தவில்லை. ரீச்சர்மாரைத் திருத்துவது மரியாதையில்லை.

"எனக்குப் பிறகு ஆர்? சொல்லமாட்டீர். ஆரோ இருக்கினம், உம்முடைய முகத்தில எழுதியிருக்கு. சரி, போடும், சாகப்போற உடம்புதானே. ஆனா இண்டைக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை பேத்திக்கு முதல் நன்மை. வெள்ளைச் சட்டையோட மாதா கோயிலால வந்து எனக்குத்தான் முதல் காட்டுவாளாம். அதைப் பாத்திட்டு, திங்கக்கிழமை வாரும். நானே கையை நீட்டுறன்."

நியாயமான கோரிக்கை. ஆனால் எங்கள் நோயாளிக்கு நேரம் இருக்கவில்லை. அவருடைய நாட்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ரீச்சருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பெரிதாக இருக்கலாம், எல்லோருடைய ஞாயிற்றுக்கிழமையையும் பார்த்தால் மருத்துவம் வளருமா?

"அப்படியே செய்வோம் ரீச்சர். இண்டைக்குச் சும்மா சத்து ஊசி மட்டும்" என்றேன்.

அவர் நம்பினார். கையை நீட்டினார்.

இந்த முறை மெதுவாக வேலை செய்தது. சனிக்கிழமை வரை இருந்தார். அளவு இன்னும் கொஞ்சம் குறையவேண்டும் என்பது தெளிவாகிவிட்டது.

இப்போது நோயாளியைப் பற்றி. நான்தான்.

எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. நானே கண்டுபிடித்தேன். மறைப்பதை வருடக்கணக்காகச் செய்த மனிதனுக்கு, மறைக்கப்படும்போது தெரியாதா? தைப்பொங்கல் முடிந்த கையோடு என் மனைவி ஜீவராணி என்னோடு சண்டை பிடிப்பதை விட்டுவிட்டார். நல்ல நாளிலேயே குறட்டைக்குச் சண்டை பிடிக்கிறவர். நான் அறைக்குள் நுழைந்தால் போன் கதை நின்றுவிடும். லண்டனில் இருக்கிற மகன் தேனுஜன், மாதத்துக்கு ஒருதடவை எடுக்கிறவன், நாளுக்கு நாள் எடுத்து, "அப்பா, சுகமா இருக்கிறியளோ?" என்று கேட்கத் தொடங்கினான். ஆவணியில் சும்மா ஒருக்கா வாறம் என்றான். லண்டனிலிருந்து யாராவது சும்மா வருவார்களா? யாழ்ப்பாணத்திலிருந்து சொந்தக்காரர் முந்திரிகைப் பழமும் நெஸ்டமோல்ட் சத்துமா டின்னும் கொண்டுவந்து, என்னைப் பார்த்துவிட்டு, ஜீவராணியின் காதுக்குள் குசுகுசுத்துவிட்டுப் போனார்கள். முந்திரிகைப் பழத்தோடு வருகிறவர்கள் யாரைப் பார்க்க வருகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாதா?

ஒருநாள் குசினிக்குள் அவர் கதைத்தது கேட்டது: "ஐயரிட்டக் கேட்டாச்சு, ஆவணிக்குள்ள முடிஞ்சிடும். அவருக்கு மட்டும் தெரியக்கூடாது."

முடிஞ்சிடும். ஆவணிக்குள்.

அடுத்த கிழமை, "இஞ்சேருங்கோ, நேர பாத்தபடி வடிவான போட்டோ ஒண்டு எடுப்பம்" என்று ஸ்டூடியோவுக்கு அழைத்துப்போனார். நேராகப் பார்த்தபடி போட்டோ எதற்கு மிஸ்? பத்திரிகையில் கறுப்புக் கோட்டுக்குள் போடத்தான். நான் சிரித்தபடி இருந்தேன். கண் கலங்கினால் அவர் மனம் உடைந்துவிடும்.

டொக்டரிடம் போகவில்லையா என்று நீங்கள் கேட்பீர்கள். போனேன். எல்லாப் பரிசோதனையும் செய்தேன். ஒன்றுமில்லை, சீனியை மட்டும் குறையுங்கள் என்றார். ரிப்போர்ட்டிலும் ஒன்றுமில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு முன்னால் அந்த அறைக்குள் யார் போயிருப்பார்கள்? நான் அக்காவுக்கு எழுதுவித்த ரிப்போர்ட்டில் குடற்புண்ணாவது இருந்தது.

பிடிபட்டது எப்படி என்று கேட்டீர்களே. நேசமலர் ரீச்சரின் வீட்டுக்காரர் பேப்பரில் நன்றி நவிலல் போட்டார்கள். எங்கள் ஆட்களுக்கு ஆள் போனாலும் நன்றி போகாது. மலர்வளையம் அனுப்பினவர்கள், பந்தல் போட்டவர்கள், சவப்பெட்டி தந்த மலர்ச்சாலைக்காரர், அதற்கு அடுத்ததாக, 'வெளிநாட்டு ஆராய்ச்சி மருந்தை மனமுவந்து இலவசமாகச் செலுத்திய வெள்ளவத்தை திரு. இரத்தினசிங்கம்'. மலர்ச்சாலைக்காரருக்குப் பிறகுதான் போட்டார்கள், அதில் எனக்குக் கொஞ்சம் மனவருத்தம். ஆராய்ச்சிக் கூடத்துக்குப் பின்னேரம் வாங்கிவந்த வடை அந்தப் பேப்பரில்தான் சுற்றி வந்தது. மஸாஹிரா எண்ணெய் ஊறிய பக்கத்தை வாசித்தார். இரண்டாவது வடையை எடுக்கவில்லை.

"இதென்ன இரத்தினசிங்கம்? எரிச்சாச்சு எண்டுதானே சொன்னீங்க. அந்த மருந்தால எங்கட எலியில பாதி மௌத்தாப் போச்சு. அதுக்குத்தான் வேலைய நிப்பாட்டினோம். உங்களுக்கு வெளங்குதா, என்ன செஞ்சிருக்கீங்க எண்டு?"

எனக்கு விளங்கியது. பாதி எலி பிழைத்திருக்கிறது. அதைத்தான் நான் மனதில் குறித்துக்கொண்டேன். அவர் உங்களுக்குப் போன் எடுத்துக்கொண்டிருந்தபோது கடைசி இரண்டு குப்பிகளையும் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே வந்தேன். அடுத்த நாள் காலையில் கரண்ட் போய்விட்டது. மிச்சம் உங்களுக்குத் தெரியும்.

ஆம், இராமரையும் நேசமலர் ரீச்சரையும் நான்தான் கொன்றேன். அந்தச் சொல்லைத்தான் எழுதவேண்டும் என்றால் எழுதுங்கள். நான் 'பார்த்தேன்' என்று சொல்வேன், உப்புப் பார்ப்பது மாதிரி. மூன்றாவது அளவு சரியாக வரும் என்று எனக்கு நிச்சயம். அதனால்தான் அந்த டப்பாவைக் குளிரில் வைக்கச் சொல்கிறேன்.

கொஞ்ச நேரத்துக்கு முந்தி ஜீவராணி இங்கே வந்தாரல்லவா, நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். அழுது வீங்கிய முகத்தோடு கைப்பையிலிருந்து ஒரு மஞ்சள் கார்ட்டை எடுத்து, கம்பிக்கு இந்தப் பக்கம் நீட்டினார். தங்க எழுத்து. மேலே பிள்ளையார். நடுவில், நேராகப் பார்த்தபடி, என்னுடைய அந்த ஸ்டூடியோப் படம். 'திரு. இரத்தினசிங்கம் அவர்களின் மணிவிழா அழைப்பிதழ்.' ஆவணி மாதம், கல்யாண மண்டபம், மதிய போசனம்.

"உங்களுக்கு அறுபது வருதெண்டு பிள்ளையளும் நானும் ஒளிச்சு ஒளிச்சுச் செய்தது இதுதான். ஒரு வருத்தமும் இல்லையப்பா உங்களுக்கு. ஒண்டுமே இல்லை."

அவர் குரல் உடைந்ததைக் கேட்டீர்களா? நான் கார்ட்டைத் தடவிப் பார்த்தேன். நல்ல கனமான தாள். அக்காவுக்கு நான் செய்தது ஒரு போட்டோக்கொப்பி மட்டும்தான். இவர்கள் எனக்காகக் கார்ட் அடித்து, மண்டபம் எடுத்து, ஐயரையும் பேசி வைத்திருக்கிறார்கள். இவ்வளவு பாடுபட்டு மறைக்கிறார்கள் என்றால், என் வருத்தம் எவ்வளவு முற்றிப்போயிருக்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள், மிஸ்.